வலிக்காத நெஞ்சு

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டு டாக்டர் நஸ்ரின் கொடுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை தோறும் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறவர். பழைய டாக்டர் மாற்றலாகிப் போனபின் வந்தவர், சின்ன வயது. பழையவர் மாத்திரையை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஓடி வந்தீங்களாய்யா?"

"இல்லீங்க. ஒரு மணி நேரமா பெஞ்சுல உக்காந்திருக்கேன்."

"106 இருக்கு. உக்காந்திருக்கிற ஆளுக்கு இது ஜாஸ்தி."

உள்ளே படுக்க வைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். நிமிடத்துக்கு ஆறு முறை மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகவும் விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் போக வேண்டுமாம். எல்லோருக்கும் அப்படித்தானாம். எனக்கு இழுத்தாலும் விட்டாலும் ஒரே 106. காகிதத்தைக் காட்டினார். கோடு போட்ட நோட்டில் எழுதியதுபோல் ஒரே இடைவெளி.

"இதயத்துக்கு ரெண்டு வகை நரம்பு போகுது. ஒண்ணு வேகத்தைக் குறைக்கும், இன்னொண்ணு கூட்டும். சர்க்கரை ரொம்ப வருஷம் கட்டுப்பாட்டுல இல்லைன்னா குறைக்கிற நரம்புதான் முதல்ல பழுதாகும்."

அதாவது முதலில் பிரேக் போகிறது. அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பத்தொன்பது வருடம். அதில் பாதி வருடங்கள் மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டே சொல்லிவிட்டது.

தினமும் எழுந்திருப்பதற்கு முன் படுத்தபடி நாடி பார்த்து எழுத வேண்டும். பிறகு நின்று பார்த்து எழுத வேண்டும். "உடம்புல எது வித்தியாசமா இருந்தாலும் எழுதுங்க. சின்ன விஷயம்னு விட்றாதீங்க."

என்ன வேலை என்று கேட்டார். பஸ் டிப்போவில் வேலை என்றேன். பொய்யில்லை. வண்டி டிப்போவில்தானே நிற்கிறது.

மார்ச் 5, புதன்

படுத்து 104. நின்று 106. வேறொன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

படுத்து 106. நின்று 106.

மயிலாத்தாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "ஏனுங், நம்பர் மட்டும் எழுதி வெச்சிருக்கீங்க. டாக்டரம்மா எல்லாத்தையும் எழுதச் சொன்னாங்கன்னீங்க?" என்றாள். சரி, எழுதுகிறேன்.

பெயர் நாச்சிமுத்து. வயது 58. பொள்ளாச்சி டிப்போவில் ஓட்டுநர். காலை 6.10க்குக் கிளம்பும் வால்பாறை வண்டி என்னுடையது. ஆழியாறு தாண்டினால் மலை. நாற்பது கொண்டை ஊசி வளைவு. காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. மலை வண்டிக்கு வந்து இந்த நவம்பர் 14ஆம் தேதியோடு இருபத்தைந்து வருடம். இதுவரை ஒரு கீறல் கிடையாது. டிப்போவில் வேறு எவனும் மலையில் இருபத்தைந்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதில்லை. பதக்கம் உண்டு. மேடையில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

நடத்துநர் செபஸ்தியான். வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பதினோரு வருடமாக என்னோடுதான் வருகிறான். வளைவில் எதிரே லாரி வந்தால் பின்பக்கம் எட்டிப் பார்த்து விசிலடிப்பான். அந்த விசிலை நம்பி, கண்ணாடியைப் பார்க்காமலே பின்னால் எடுப்பேன்.

மார்ச் 19, புதன்

டிப்போவுக்குப் போகும் வழியில் இடது கால் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. விழுந்ததே தெரியவில்லை. பால் சொசைட்டி வரை ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன். ஒரு பால்காரர் கூப்பிட்டுச் சொன்னார். சிரித்துச் சமாளித்தேன்.

கிளட்ச் மிதிக்கும் கால் அது. ஆனால் கிளட்ச் அப்படியில்லை, இருபது கிலோ எடையோடு காலை எதிர்த்துத் தள்ளும். தெரிகிறது. மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

படுத்து 106. நின்று 108.

காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டியது. நிலையைப் பிடித்து நின்றுகொண்டேன். காபி டம்ளரோடு வந்த மயிலாத்தாள் பார்த்துவிட்டாள்.

"என்னுங்க?"

"ஒண்ணுமில்ல. வாசல்ல காத்து வருதான்னு பாத்தேன்."

"காத்தக் கண்ண மூடிக்கிட்டா பாப்பாங்க?"

முப்பத்து மூன்று வருடமாக இவளிடம் ஒரு பொய்யும் நிலைத்ததில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், 146. நிற்க வைத்து மூன்றாம் நிமிடம் பார்த்தார், 112. எழுந்து நிற்கும்போது காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ள ரத்தக் குழாய்கள் இறுக வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் நரம்பும் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்றார்.

இனி படுக்கையிலிருந்து ஒரேயடியாக எழக் கூடாது. முதலில் உட்கார வேண்டும். காலைத் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பிறகு நிற்க வேண்டும்.

"இது போகப் போக எப்படிங்க ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "சிலருக்கு ரொம்ப மெதுவாப் போகும். சர்க்கரையக் கட்டுப்படுத்தினா அங்கயே நிக்கறதும் உண்டு. போன நரம்பு பெரும்பாலும் திரும்ப வராதுய்யா. இருக்கறதக் காப்பாத்தலாம்."

ஓட்டும்போது உட்கார்ந்துதானே இருக்கிறேன். உட்கார்ந்திருப்பவனுக்குத் தலை சுற்றாது. இதை அவரிடம் கேட்கவில்லை. நானே யோசித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

104. 106. பதின்மூன்றாம் வளைவில் வரையாடு மூன்று.

ஏப்ரல் 28, திங்கள்

வால்பாறையில் டீக்கடைக்கு முப்பது படி ஏற வேண்டும். இன்று பதினெட்டாவது படியில் நின்றேன். மூச்சு வாங்கியது. நாடி பார்த்தேன், 107. உட்கார்ந்திருந்தபோது 106. இத்தனை ஏறியும் ஒன்றுதான் கூடியிருக்கிறது. கால் கேட்கிறது, நெஞ்சு கொடுக்க மாட்டேன் என்கிறது.

செபஸ்தியான் டீயைக் கீழே கொண்டுவந்து கொடுத்தான். "இனிமே நீங்க ஏற வேண்டாம்ணே, எனக்கும் காலுக்கு வேலை வேணும்ல" என்றான்.

மே 22, வியாழன்

106. 106.

மதிய நடையில் இறங்கும்போது கொஞ்சம் வாந்தி. வேர்வை. வால்பாறையில் சாப்பிட்ட தயிர்சாதம் புளித்திருந்தது, அதுதான். 23ஆம் வளைவில் சிறிது நேரம் வண்டியை நிறுத்தினேன். செபஸ்தியான் தண்ணீர் கொடுத்தான். டிப்போவுக்கு வந்து சேர்ந்தோம். பத்து நிமிடம் தாமதம்.

மே 23, வெள்ளி

லீவு. தூங்கினேன்.

மே 24, சனி

தூங்கினேன். அசதி. மயிலாத்தாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். தயிர்சாதத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரியா என்றேன்.

மே 26, திங்கள்

வண்டி எடுத்தேன். 108. 110.

ஜூன் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மதிய நடை முடிந்து டிப்போவில் வண்டியை விட்டபின் செபஸ்தியான் கலெக்‌ஷனைக் கட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். பையைத் தோளில் மாட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணே, ஒரு மாசம் லீவு போடுங்க. கோயமுத்தூர் போயி முழுசாப் பாருங்க. நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொல்லு."

அவன் பையை மறு கைக்கு மாற்றினான். "நீங்க லீவு போட்டா நான் ஒரு வார்த்தை யார்கிட்டயும் பேச மாட்டேன். போடலைன்னா உங்க வண்டில இனிமே நான் விசிலடிக்க மாட்டேண்ணே. தாராபுரம் ரூட்டு கேட்டு எழுதி வெச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினான்.

"குடுத்துக்கோ போ" என்றேன்.

கொடுத்துவிட்டான்.

ஜூன் 12, வியாழன்

புது நடத்துநர் திருமூர்த்தி. நல்ல பையன்தான். விசிலை எப்போது அடிப்பது என்று தெரியவில்லை.

பதினோரு வருடம். என் பெண் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். சமதரையில் ஓட்டும் வண்டி அவனுக்குச் சௌகரியமாக இருக்கும். இருக்கட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டரிடம் போகவில்லை. மாற்று ஆள் இல்லை, டபுள் டூட்டி.

ஜூலை 15, செவ்வாய்

படுத்து 94. நின்று 94.

ஒரு வாரமாக இப்படித்தான். 106 இருந்தது 94க்கு வந்துவிட்டது! மருந்து வேலை செய்கிறது. நடைப்பயிற்சியும், கம்மங்கூழும். மயிலாத்தாளிடம் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்க்கவில்லை.

"நம்பரு கொறஞ்சா செரி. நீங்க ஏனுங் மத்தியானம் வர வர அரைச் சோத்தோட எந்திரிக்கறீங்க?"

வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. வயதாகிறதல்லவா.

நவம்பர் 14க்கு இன்னும் நான்கு மாதம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மயிலாத்தாளும் கூடவே வந்தாள். வராதே என்று சொல்லியும் கேட்கவில்லை.

94 என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு ஈசிஜி எடுக்கச் சொன்னார். எடுத்த காகிதத்தை மார்ச் மாதக் காகிதத்தோடு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எக்கோ எடுக்க அனுப்பினார். அங்கிருந்து திரும்பி வரும்போது மணி ஒன்று. சாப்பிடப் போகாமல் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்களுக்கு ஒரு ஹார்ட் அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு."

"எப்போங்க?"

"மார்ச்சுக்கும் இப்போதைக்கும் நடுவுல."

"அப்படி ஒண்ணும் வரலீங்களே. நெஞ்சு வலிச்சா எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாது. அதுதான் பிரச்சனை. வலியக் கொண்டுபோய்ச் சொல்ற நரம்பும் அதே கூட்டம்தான். அது போயிட்டா அட்டாக் வந்தாலும் வலிக்காது. வேர்க்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும், காரணமில்லாம அசந்து போவீங்க. அஜீரணம்னு நெனச்சு விட்டிருப்பீங்க."

மயிலாத்தாள் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்ப இந்த 94?" என்று கேட்டேன்.

"அது நல்ல செய்தி இல்லைய்யா. முதல்ல குறைக்கிற நரம்பு போச்சு, அதனால வேகமாச்சு. இப்பக் கூட்டுற நரம்பும் போயிட்டிருக்கு, அதனால எறங்குது. நடந்தாலும் 94, தூங்கினாலும் 94ன்னு ஒரே எடத்துல நின்னுரும்."

பிரேக் போய் ஆக்சிலரேட்டரும் போன வண்டி. சரிவில் தானாக உருள்வது.

"டிப்போல என்ன வேலைன்னு சொன்னீங்க? பாரம் தூக்குறதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மயிலாத்தாள் சொன்னாள். "பஸ்ஸு ஓட்டறாருங்க. வால்பாறை வண்டி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"வண்டில எத்தனை பேரு இருப்பாங்க?"

"அம்பது. பள்ளிக்கூட நாள்ல எழுவது."

"நாளைலேர்ந்து நீங்க ஓட்டக் கூடாது. லெட்டர் எழுதித் தர்றேன். ஆஞ்சியோவுக்குக் கோயமுத்தூருக்கும் எழுதறேன். அய்யா, இனிமே உங்க நெஞ்சு உங்களுக்குச் சொல்லாது. நீங்கதான் மத்தவங்களுக்குச் சொல்லணும். வேர்த்தாச் சொல்லணும், மூச்சு வாங்கினாச் சொல்லணும். வலிக்கட்டும் பாத்துக்கலாம்னு காத்திருக்காதீங்க. அது வலிக்காது."

அன்று மாலை

நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

மே 22. தயிர்சாதம். அன்று வால்பாறையில் அதே தயிர்சாதத்தைச் செபஸ்தியானும் சாப்பிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

25ஆம் வளைவு தாண்டும்போதே கை கனத்தது. வேர்வை கண்ணில் இறங்கி ரோடு இரண்டாகத் தெரிந்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் வந்தது. வலி துளியும் இல்லை. வலி இல்லாததால் ஓட்டிக்கொண்டே வந்தேன். 23ஆம் வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டிய இடத்தில் கை ஒரு கணம் தாமதித்தது. முன் பம்பர் பள்ளத்துப் பக்கச் சுவரில் உரசி நின்றது. கல் ஒன்று பெயர்ந்து கீழே போனது. அது விழும் சத்தம் கேட்கவே இல்லை, அவ்வளவு ஆழம்.

நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. குரங்குக்காக நிறுத்தினேன் என்று நினைத்தார்கள் போல. செபஸ்தியான் முன்னால் ஓடி வந்தான். நான் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். தண்ணீர் கொடுத்தான். வேறு வண்டி கூப்பிடலாம், டிப்போவுக்குச் சொல்லிவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன். "டிப்போல சொல்லாத செபஸ்து, நவம்பர் வரைக்கும் பொறுத்துக்கோ" என்று அவன் கையைப் பிடித்துக் கேட்டேன். மீதி இருபத்திரண்டு வளைவையும் ஓட்டிக்கொண்டு இறங்கினேன். அவன் இன்ஜின் மூடிமேல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான், ஒரு கையை ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு.

டிப்போவில் பம்பரின் கீறலுக்கு நானே கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டரின் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு 5.40க்கு டிப்போவுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று மயிலாத்தாள் பிறகு கேட்டாள். லெட்டரை நாளைக்குக் கொடுக்கலாம், இன்று ஒரு நடை மட்டும் என்று மனதில் இருந்திருக்கலாம். இருந்தது.

வண்டியை ஸ்டாண்டில் போட்டேன். ஆள் ஏறினார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து எனக்குப் பின் சீட்டைக் காட்டி, "அண்ணா, பின்னாடி உக்காந்தா பாப்பா வாந்தியெடுக்கும், இங்க உக்காந்துக்கட்டுங்களா?" என்றாள்.

"உக்காரும்மா" என்றேன்.

உட்கார்ந்ததும் குழந்தை என் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் அதன் விரல்கள் தெரிந்தன. திருமூர்த்தி விசிலடித்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சாவியைத் திருப்பி நிறுத்தினேன்.

"என்னாச்சுங்ணா?"

"வேற டிரைவர் வருவாரு. பயணிங்ககிட்ட பத்து நிமிசம் ஆகும்னு சொல்லிரு."

கிளை மேலாளரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நவம்பர் வரைக்கும் டவுன் வண்டி தர்றேன் நாச்சிமுத்து, உங்க ரெக்கார்டு கெட வேண்டாம்" என்றார். நல்ல மனுஷன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"ரெக்கார்டு மே மாசமே கெட்டுப் போச்சுங்க" என்று சொல்லி, மே 22ஐச் சொன்னேன். பெயின்ட் அடித்தது வரை. எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். செபஸ்தியான் அன்றே டிப்போவுக்குச் சொல்லிவிடலாம் என்றான், நான்தான் தடுத்தேன் என்றும் எழுதினேன்.

வெளியே வரும்போது 6.10 வண்டி 6.35க்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

கோயமுத்தூரில் ஆஞ்சியோ. ஒரு குழாய் முழுக்க அடைத்து, அந்தப் பக்கத்துத் தசை செத்திருக்கிறது. அதுதான் மே மாதத்துடையது. இன்னொன்றில் பாதி அடைப்பு. அதை மாத்திரையில் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். டைம் கீப்பர் அறையில் மாற்றுப் பணி தரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

செபஸ்தியான் வீட்டுக்குப் போனேன். சூளேஸ்வரன்பட்டி. வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பம்பை அப்படியே போட்டுவிட்டு நாற்காலி எடுத்து வந்தான்.

"கேள்விப்பட்டேன்ணே. வரணும்னு இருந்தேன். எந்த முகத்தோட வர்றதுன்னு..."

"நீ எதுக்கு அதச் சொல்ற? நாந்தான் சொல்லோணும்."

கீழே கிடந்த பம்பை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு அவனே சொன்னான்.

"அன்னிக்கு வளைவுல நீங்க திரும்பி என்னைப் பாத்தீங்கண்ணே. கண்ணு என்னைப் பாக்குது, ஆனா நீங்க பாக்கல. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமில்ல. டிப்போல சொல்லியிருக்கணும். உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்லாம, நான் மட்டும் எறங்கித் தப்பிச்சுக்கிட்டேன். அந்த வண்டில ஏறினவங்க அத்தன பேரையும் விட்டுட்டு."

"நான் கேட்டுக்கிட்டதுக்குத்தானே..."

"எட்டு வாரம்ணே. தாராபுரத்துல எறங்கினதும் தெனமும் டைம் கீப்பருக்குப் போன் போடுவேன். வால்பாறை வண்டி வந்துருச்சான்னு. வந்துருச்சுன்னு சொன்ன பிறகுதான் டீ குடிப்பேன். அவரு கேட்டாரு, ஏன்யா உனக்கும் அந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம்னு."

அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். சர்க்கரை போடாமல், ஞாபகமாக. இரண்டு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. இஞ்சி அதிகம்.

அக்டோபர் 7, செவ்வாய்

படுத்து 92. நின்று 92.

டைம் கீப்பர் அறையில் ஜன்னல் ஒன்று. வண்டி போகும் நேரம், வரும் நேரம் எழுதுகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 10.4லிருந்து 7.6க்கு வந்திருக்கிறது. டாக்டர் பாராட்டினார். நின்றால் அழுத்தம் இன்னும் இறங்குகிறது. தொடை வரை இறுக்கமான சாக்ஸ் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுவிடுவது மயிலாத்தாளின் காலை வேலை. இழுக்கும்போது திட்டிக்கொண்டே இழுப்பாள்.

தினமும் சாயங்காலம் "இன்னைக்கு என்னென்ன ஆச்சு, சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிடுகிறாள். ஒன்றுமில்லை என்றால் எழுந்து போக மாட்டேன் என்கிறாள். சொல்லிப் பழகுகிறேன். கியர் மாற்றப் பழகியதைவிடக் கஷ்டம்.

நவம்பர் 14, வெள்ளி

92. 92. வால்பாறை வண்டி வந்து சேர்ந்தது மதியம் 12.50. ஐந்து நிமிடம் முன்னதாக.

ஜனவரி 10, சனி

இது மயிலாத்தாள் எழுதுவது. அவருக்குக் கையில் கட்டு. டாக்டரம்மா ஒரு நாளும் விடக் கூடாது என்று சொன்னதால் நான் எழுதுகிறேன். எழுத்து நன்றாக இருக்காது. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள்.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. நான் மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு மில்லில் நின்றிருந்தேன். சத்தத்தில் காது கேட்கவில்லை. வெளியே வந்து கேட்டேன்.

"மயிலா, வேர்க்குது. மூச்சு பாதிதான் வருது. வலி இல்ல. பயமா இருக்குது."

முப்பத்து மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. மாவை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். நான் போவதற்குள் டிப்போ ஆட்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செபஸ்தியான் தம்பியும் இருந்தது. அன்றைக்குத் தம்பியின் தாராபுரம் வண்டி டிப்போவில் நின்றிருக்கிறது. செபஸ்தியான் தம்பிதான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் தம்பிக்குச் சின்ன வயது. என்ன செய்கிறது, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறது. இல்லை என்றிருக்கிறார். கை வலிக்கிறதா, தாடை வலிக்கிறதா. இல்லை. "அப்புறம் எதுக்குங்கய்யா இங்க வந்தீங்க, வெளி நோயாளி சீட்டு வாங்குங்க" என்றதாம்.

"வலிக்கலீங்க. அதனாலதான் வந்தேன்" என்றாராம். இந்த நோட்டையும் டாக்டரம்மா கடிதத்தையும் கொடுத்திருக்கிறார். அந்தத் தம்பி இரண்டு பக்கம் படித்துவிட்டுப் படுக்கையைத் தள்ளச் சொல்லி ஓடியதாம். ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் கோயமுத்தூர். பாதி அடைத்திருந்த குழாய் முழுக்க அடைத்திருந்தது. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டுத் திறந்து ஸ்டென்ட் என்கிற சின்ன வலை வைத்தார்கள். இந்த முறை தசை சாகவில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். சீக்கிரம் வந்ததால் என்றார்.

செபஸ்தியான் தம்பி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதது. நான் அழவில்லை. எனக்கு அன்றைக்கு நேரமில்லை. மாவு மில்லிலேயே இருக்கிறது.

நாடி 90. படுத்து மட்டும். இன்னும் நிற்க விடவில்லை.

ஜனவரி 17, சனி

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பொங்கலை உட்கார்ந்தபடியே பார்த்தேன். செபஸ்தியான் கரும்பு கொண்டுவந்து, நான் சாப்பிடக் கூடாது என்று அவனே கடித்துக் காட்டினான்.

இன்று காலை உட்கார்ந்தேன். காலைத் தொங்கப் போட்டேன். மயிலாத்தாள் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் சொன்னாள். நின்றேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

படுத்து 90. நின்று 90. தலை கொஞ்சம் சுற்றியது. சொன்னேன். இடது பாதம் மரத்திருக்கிறது. சொன்னேன். மீண்டும் அப்படி வருமோ என்று மதியம் பயம் வந்தது. அதையும் சொன்னேன்.

வலது மணிக்கட்டில் கம்பி விட்ட இடம் கன்றிப் போய் வலிக்கிறது. நன்றாகவே வலிக்கிறது.